சூரிய வளையமும் சுனாமி அலையும்



2010ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், வெள்ளிக்கிழமை. ஜும்ஆ வேளையில் யாழ்ப்பாணத்து வானத்தில் சூரியனைச் சந்திரன் மறைத்துக்கொண்டிருந்தது. பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டி, நடுப்பகுதி முழுவதும் மறைந்து, விளிம்பு மட்டும் ஒரு தங்க வளையலைப் போல ஏறத்தாழ பத்து நிமிடங்கள் ஒளிர்ந்தது. 1990 அக்டோபரில் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாணத்து முஸ்லிம்களில் மிகச் சிலரே அன்று ஊர் திரும்பியிருந்தார்கள். மற்றவர்கள் புத்தளத்திலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் அதே சூரியனைப் பார்த்தார்கள்.

இந்தக் கிரகணம் எப்போது வரும், எந்த ஊரில் எத்தனை நிமிடம் நிற்கும் என்பதையெல்லாம் அறிஞர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டு வைத்திருந்தார்கள். சந்திரனைவிடச் சூரியன் குறுக்களவில் சுமார் 400 மடங்கு பெரியது. தூரத்திலும் சுமார் 400 மடங்கு அதிகம். அதனால்தான் இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரிகின்றன. சந்திரன் சற்று எட்டத்தில் இருக்கும்போது சூரியனை முழுவதும் மூட முடியாமல் வளையம் மிஞ்சுகிறது. ஏறக்குறைய 18 ஆண்டுகளும் 11 நாட்களும் கழிந்தால் அதே வகைக் கிரகணம் பூமியில் வேறோர் இடத்தில் திரும்பி வரும். எத்தனை நேர்த்தியான ஏற்பாடு!

கிரகணம் என்றதும் நம் வீடுகளில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். கர்ப்பிணிப் பெண்ணை இருட்டறையில் அடைப்பார்கள். கத்தியைத் தொடாதே, காய் நறுக்காதே, பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்பார்கள். மார்க்கத்திலும் இதற்கு ஆதாரமில்லை, மருத்துவத்திலும் இல்லை. சூரியனை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது என்பது மட்டுமே உண்மை. அது கர்ப்பிணிக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் பொருந்தும்.

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் நபி (ஸல்) அவர்களின் பச்சிளம் மகன் இப்ராஹீம் மரணித்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. அந்தத் துயரத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். மகனைப் பறிகொடுத்த அந்த வேளையிலும் நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள்; எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை; அதைக் கண்டால் தொழுங்கள் என்று தெளிவுபடுத்தினார்கள். அந்தத் தொழுகையில் அன்னை ஆயிஷா (ரலி), அஸ்மா (ரலி) போன்ற பெண்மணிகளும் கலந்துகொண்டார்கள். இருட்டறைக்குள் ஒளிந்திருக்கவில்லை!

சகோதரிகளே, இன்னொரு வளையக் கிரகணம் 2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை யாழ்ப்பாணத்தில் தெரிந்தது. அந்தத் தேதி நம் நெஞ்சை உறுத்தவில்லையா? சரியாகப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலைதான் வடமராட்சி கிழக்கின் உடுத்துறை, மருதங்கேணிக் கரைகளைச் சுனாமி விழுங்கியது. இலங்கை முழுவதும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கிழக்கு மாகாணத்தில் நம் சமுதாயத்தவரும் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள்.

சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்த பிறகு அலை நம் கரைக்கு வந்து சேரச் சுமார் இரண்டு மணி நேரம் ஆனது. கரையில் விளையாடிய குழந்தையை உள்ளே அழைத்துக்கொள்ளும்படி அந்தத் தாயிடம் சொல்ல ஒருவரும் இல்லை. பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சூரியனின் கணக்கு மனிதனுக்குத் தெரிந்தது. தன் காலடி மண்ணின் கணக்கு தெரியவில்லை. இன்று இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை ஏற்பாடு உண்டு. ஆயினும் அடுத்த நிலநடுக்கம் எந்த நாளில், எந்த நேரத்தில் என்று சொல்ல வல்லவர் இன்றும் இல்லை.

வானத்தைப் பற்றிய அறிவும் அப்படித்தான். சூரியனுக்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பூமிகளை அடக்கலாம். அந்தச் சூரியனோ நம் பால்வீதியின் பல்லாயிரம் கோடி விண்மீன்களில் ஒன்று. பிரபஞ்சத்தில் நாம் அறிந்த பொருள் ஏறத்தாழ 5 சதவீதமே என்றும், எஞ்சியவை இன்னவை என்று தமக்குத் தெரியாது என்றும் அறிவியலாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட அறிவு சொற்பமே என்று திருக்குர்ஆன் நமக்கு நினைவூட்டுகிறது.

ஆனால் நம்மில் சிலரோ இந்தச் சொற்ப அறிவை வைத்துக்கொண்டு தீர்ப்பு வழங்கவும் துணிந்தார்கள். அந்த ஊரார் பாவிகள், அதனால்தான் அலை வந்தது என்று பேசிய நாவுகள் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்! நீரில் மூழ்கி மரணித்தவரும் ஷஹீதுகளில் ஒருவர் என்று நபிமொழி சொல்லியிருக்க, தண்டிக்கப்பட்டவர் என்று முத்திரை குத்த நாம் யார்? தம் மகனின் மரணத்தையும் கிரகணத்தையும் முடிச்சுப் போட வேண்டாம் என்ற நபி (ஸல்) அவர்களின் போதனை இங்கும் பொருந்தாதா?

எனவே அறிய முடிந்ததை முயன்று அறிவோம். நம் பெண் பிள்ளைகளுக்கு வானவியலையும் புவியியலையும் கற்றுக்கொடுப்போம். அலை வரும் என்று எச்சரித்தால் உடனே மேட்டு நிலத்துக்குச் செல்லப் பழக்குவோம். அறிய முடியாததைப் படைத்தவனிடம் ஒப்படைப்போம். துயருற்றவரிடம் காரணம் சொல்வதை விட்டு, ஆறுதல் சொல்வோம்.

அடுத்த கிரகணம் வரும்போது உங்கள் வீட்டுக் கர்ப்பிணியை அறையில் அடைக்காதீர்கள். பக்கத்தில் நிறுத்திக்கொண்டு தொழுங்கள். அந்தத் தொழுகையில், கடல் கொண்டுபோன பிள்ளைகளின் தாய்மாருக்காகவும் ஒரு துஆ கேளுங்கள்.