வளர்ப்புப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய கதை

மணலி புதுநகரில் எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு தம்பதியர், சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் என் வீட்டிற்கு வந்தனர். கணவர் கன்டெய்னர் கிடங்கொன்றில் பணிபுரிபவர். மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் மக்கட்பேறின்றி இருந்து, பின்னர் அரசு வகுத்த முறைப்படி ஒரு பெண் குழந்தையைப் பெற்று வளர்த்து வருபவர்கள். அப்போது அக்குழந்தைக்கு நான்கு வயது. அண்டை வீட்டுப் பெண் கருவுற்றிருந்ததைக் கண்ட குழந்தை, "நான் உங்க வயித்துல இருந்தப்ப உதைச்சேனாம்மா?" என்று கேட்டிருக்கிறது. "ஆமாம், நல்லா உதைச்சே" என்று தாய் சொல்லிவிட்டார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை.

"ஹஜ்ரத், பொய் சொல்லிட்டேன். உண்மையைச் சொன்னா பிள்ளை தாங்குமா?" என்பதே அவருடைய கேள்வி.

ஃபிக்ஹு நூல்களைப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருபவன் என்ற முறையில், வளர்ப்புப் பிள்ளையின் வம்சம், வாரிசுரிமை, மஹ்ரம் ஆகியவை பற்றிய சட்டங்களை வரிசையாக எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்மணி, "இதெல்லாம் எங்களுக்குப் புரியுது ஹஜ்ரத். நாலு வயசுப் பிள்ளைக்கு எந்த வார்த்தையில சொல்றது?" என்றார். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. அவ்விடையைத் தேடிய போதுதான், தத்து எடுத்தல் பற்றிச் சிறு குழந்தைகளுக்கென எழுதப்பட்ட படக்கதை நூல்கள் எனக்கு அறிமுகமாயின. சட்டத்தை மட்டும் அறிந்திருந்த எனக்கு, அச்சட்டத்தின் உட்பொருளையே அவை மீண்டும் நினைவூட்டின.

ஸைத் (ரலி) அவர்களும் ஸாலிம் (ரலி) அவர்களும்

இப்பொருளில் நாம் முதலில் நினைவுகூர வேண்டியவர் ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்கள். சிறுவயதில் கொள்ளையரால் கவரப்பட்டு விற்கப்பட்ட அவர், அன்னை கதீஜா (ரலி) அவர்களிடம் வந்து சேர்ந்து, அவர்கள் வழியாக அண்ணலாரிடம் வந்தார். தேடி வந்த தந்தையுடன் செல்லவும், இருந்த இடத்திலேயே இருக்கவும் அவருக்கு உரிமை அளிக்கப்பட்டபோது, அண்ணலாரையே அவர் தேர்ந்துகொண்டார். அன்று முதல் மக்கள் அவரை 'ஸைத் இப்னு முஹம்மத்' என்றே அழைத்து வந்தனர். பின்னர் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 4, 5 ஆம் வசனங்கள் அருளப்பட்டன. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய தந்தையரின் பெயராலேயே அழையுங்கள் என்றும், தந்தையர் யாரென அறியவில்லையாயின் அவர்கள் மார்க்கத்தில் உங்கள் சகோதரர்கள், உங்கள் நேசத்துக்குரியவர்கள் என்றும் அவற்றின் கருத்து அமைகிறது.

இவ்வசனத்தை, வளர்ப்புப் பிள்ளையைத் தள்ளி வைக்கும் வசனம் போல் நம்மில் பலர் கருதிவிடுகிறோம். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. ஸைத் (ரலி) அவர்களின் பெயர் மாறியதே தவிர, அண்ணலாரின் நெஞ்சில் அவருக்கிருந்த இடம் மாறவில்லை. நபித்தோழர்களுள் திருக்குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் பேறு அவர் ஒருவருக்கே வாய்த்தது. ஹிஜ்ரி 8இல் முஅத்தா போரில் படைத்தலைமை ஏற்று ஷஹீதானார். அவருடைய மகன் உஸாமா (ரலி) அவர்களும் நபியவர்களின் பேரன்புக்கு உரியவராகவே வளர்ந்தார்.

ஸாலிம் (ரலி) அவர்களின் வரலாறு இன்னும் நெருக்கமானது. அபூ ஹுதைஃபா (ரலி) அவர்களின் வளர்ப்பு மகனாக இருந்த அவர், இச்சட்டம் வந்த பின் 'மவ்லா அபீ ஹுதைஃபா' என்றே அறியப்பட்டார். தந்தை பெயர் சொல்லி அழைக்கப்படாமை அவருக்குக் குறையாகவில்லை. குர்ஆனை யாரிடம் கற்க வேண்டும் என்று அண்ணலார் சுட்டிக்காட்டிய நால்வருள் அவரும் ஒருவர். குபாவில் முஹாஜிர்களுக்கு இமாமாக நின்று தொழவைத்தவரும் அவரே.

ஆக, இஸ்லாம் தடுப்பது அநாதைக் குழந்தையை வளர்ப்பதை அன்று. அதன் பிறப்பை மறைத்துப் பொய்யான வம்சத்தை அதற்குச் சூட்டுவதையே அது தடுக்கிறது. வளர்ப்பதற்கோ கஃபாலா என்னும் உயர்ந்த பெயரைத் தந்தது. அன்னை மர்யம் (அலை) அவர்களை ஸகரிய்யா (அலை) அவர்களின் பொறுப்பில் அல்லாஹ் விட்டதைக் கூறும் ஆலஇம்ரான் 37 ஆம் வசனத்தில் இடம்பெறும் சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். அநாதையைப் பொறுப்பேற்று வளர்ப்பவர் சுவனத்தில் தம்முடன் இரு விரல்களைப் போல் அணுக்கமாக இருப்பார் என அண்ணலார் நற்செய்தி கூறியதை நாம் அனைவரும் அறிவோம். அண்ணலாரே பாட்டனாரின் அரவணைப்பிலும், பின்னர் பெரிய தந்தை அபூதாலிபின் அரவணைப்பிலும் வளர்ந்த அநாதை அல்லவா?

படக்கதை நூல்கள் சொல்வது

மேலை நாடுகளில் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், தத்து எடுத்ததை மறைப்பதே வழக்கமாக இருந்தது. அக்காலத்திலேயே, 1939இல், வாலண்டினா வாஸன் என்பவர் 'தேர்ந்தெடுக்கப்பட்ட குழந்தை' என்று பொருள்படும் தலைப்பில் அமெரிக்காவில் ஒரு நூலை வெளியிட்டார். தத்து என்பதைக் குழந்தைக்கே கதையாகச் சொல்ல முயன்ற தொடக்ககால நூல்களுள் அது ஒன்று. உண்மையை மறைக்காமை அதன் சிறப்பு. ஆனால், 'உன்னை நாங்கள் தேர்ந்தெடுத்தோம்' என்னும் அதன் மையக் கருத்தில் ஒரு குறையும் உண்டு. தேர்ந்தெடுக்கப்படுவதற்கு முன் யாரோ கைவிட்டிருக்க வேண்டும் என்பதைக் குழந்தை என்றேனும் ஒருநாள் கண்டுகொள்ளும். பெற்றவளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத கதை, அந்நாளில் அதற்குத் துணைவராது.

1996இல் ஜேமி லீ கர்டிஸ் எழுதி லாரா கார்னெல் படம் வரைந்த நூல் இதற்கு அடுத்த நிலை. தான் பிறந்த இரவின் கதையை மறுபடியும் சொல்லுமாறு ஒரு சிறுமி பெற்றோரைக் கேட்கிறாள். நள்ளிரவில் வந்த தொலைபேசி, விமானப் பயணம், பெற்ற தாய் குழந்தையைப் பராமரிக்க இயலாத இளம் வயதினள் என்ற செய்தி எல்லாம் அக்கதையில் உண்டு. சிறுமிக்குக் கதை முழுவதும் மனப்பாடம், எனினும் கேட்கிறாள். உண்மையை ஒருமுறை உட்கார வைத்து 'அறிவிப்பது' வேறு, தாலாட்டைப் போல் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்குவது வேறு என்பதை இந்நூல் உணர்த்துகிறது.

என்னை மிகவும் கவர்ந்தது, ஜப்பானில் பிறந்த கெய்கோ காஸா எழுதி வரைந்த சோக்கோ என்னும் சிறு பறவையின் கதை. தாயைத் தேடிச் செல்லும் சோக்கோ, தன்னைப் போல் மஞ்சள் நிறமுள்ள ஒட்டகச்சிவிங்கியிடமும், தன்னைப் போல் இறக்கையுள்ள பென்குயினிடமும் 'நீங்கள் என் தாயா?' என்று கேட்கிறது. தோற்றத்தில் எவ்வகையிலும் ஒவ்வாத ஒரு கரடித் தாய்தான் அதை அணைத்து வீட்டிற்கு அழைத்துச் செல்கிறாள். அங்கே ஒரு நீர்யானைக் குட்டியும், ஒரு முதலைக் குட்டியும், ஒரு பன்றிக் குட்டியும் ஏற்கெனவே அவளிடம் வளர்கின்றன. கதை முடியும்போதும் சோக்கோ பறவையாகவே இருக்கிறது. தன்னைக் கரடி என்று அது சொல்லிக்கொள்வதில்லை, கரடியும் அவ்வாறு சொல்லச் சொல்வதில்லை. வம்சம் அதனதன் இடத்தில் நிற்க, அன்பு குறைவின்றிப் பொழிகிறது. அல்அஹ்ஸாப் வசனத்தின் உட்பொருளை நான்கு வயதுக் குழந்தைக்கு விளக்க இதனினும் எளிய வழியை நான் கண்டதில்லை.

நம் சென்னையிலும் இம்முயற்சி இல்லாமல் இல்லை. தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் குழந்தை நூல்களை வெளியிட்டு வரும் தூலிகா பதிப்பகம், தீபா பல்சாவரின் தத்துக் கதை ஒன்றைப் படக்கதை நூலாகக் கொண்டுவந்துள்ளது. தனிமையில் வாடும் ஓர் அரசனும் அரசியும் அக்கதையின் மாந்தர்.

படம் வரைதல் குறித்து ஐயம் கொள்வோர் நம்மிடையே உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுவயதில் பொம்மைகள் வைத்து விளையாடியதும், அவற்றுள் இறக்கை வைத்த குதிரை ஒன்றைக் கண்டு அண்ணலார் சிரித்ததும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. குழந்தைகளின் பயிற்சிக்குரிய உருவங்களுக்கு ஃபுகஹாக்களில் பலர் விலக்கு அளித்திருப்பது இதன் அடிப்படையில்தான். தயங்குவோர் முகம் வரையாமல் கைகளையும் தொட்டிலையும் வரைந்துகொள்ளலாம்.

எந்த வயதில் சொல்வது?

அமெரிக்க உளவியலாளர் டேவிட் பிராட்ஸின்ஸ்கி முதலியோர் 1980களில் செய்த ஆய்வுகள் இதற்கு உதவுகின்றன. பள்ளி செல்லாச் சிறு குழந்தை 'தத்து' என்ற சொல்லை ஒப்பிக்குமே அன்றி, அதன் பொருளை முழுமையாக உணர்வதில்லை. ஏழெட்டு வயதளவில்தான் 'எனக்கு முன்பு வேறொரு தாய் இருந்தாள், அவளை இழந்தேன்' என்னும் உணர்வு விழிக்கிறது. அப்படியானால் முன்கூட்டிச் சொல்வதால் பயன் என்ன? பயன் உண்டு. துயரம் விழிக்கும் நாளில், அச்செய்தி பெற்றோரின் மடியில் கேட்ட பழைய கதையாக இருக்கும். தெருவில் சண்டையிட்ட சிறுவன் வீசிய கல்லாக இராது. நம் தெருக்களில் எந்தச் செய்தியும் மறைந்திருப்பதில்லை.

நாட்டுச் சட்டமும் ஒரு தலைப்பெழுத்தும்

1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் நமக்குரியதன்று. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி முஸ்லிம்கள் காப்பாளராகலாம். பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் அப்பொறுப்பு முடிகிறது. இளைஞர் நீதிச் சட்டமோ மத வேறுபாடின்றி எவரும் தத்து எடுக்க வழிசெய்கிறது. ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் 2014இல் தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு, இச்சட்டம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, விரும்புவோர் ஏற்கலாம், தம் மத முறைப்படி நடப்போர் நடக்கலாம் என்று தெளிவுபடுத்தியது. ஆனால் எந்த முறையையும் பின்பற்றாமல் மருத்துவமனையிலோ இடைத்தரகரிடமோ குழந்தையைக் கைமாற்றிப் பெறுவது தண்டனைக்குரிய குற்றம்; மார்க்கத்திலும் அதற்கு இடமில்லை.

தத்து ஆணைப்படி ஆவணங்களில் வளர்ப்புத் தந்தையின் பெயரே இடம்பெறுகிறது. அரபியில் 'பின்த்' என்ற சொல் செய்யும் பணியைத் தமிழகத்தில் பெயருக்கு முன்னுள்ள தலைப்பெழுத்து செய்கிறது என்பதால், மார்க்கப் பற்றுள்ளோருக்கு இது நெருடலே. தத்து முறையை ஏற்காத அல்ஜீரியா, கஃபாலா வழி வளரும் பிள்ளைக்கு வளர்ப்பவரின் குடும்பப் பெயரைச் சூட்ட 1992இல் ஓர் ஆணையால் இடமளித்தது. அதனால் வம்சம் மாறுவதில்லை. ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20ஆம் பிரிவும் கஃபாலாவைப் பெயர் சொல்லி ஏற்கிறது. ஆவணத்தை மாற்ற இயலாத இடத்தில், வீட்டிற்குள் உண்மை விளங்கியிருப்பதே பொய்யிலிருந்து காக்கும் அரண்.

வாரிசுரிமை இல்லையே எனக் கலங்கவும் வேண்டியதில்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் வஸிய்யத் செய்யலாம். வாழும்போதே ஹிபாவாகக் கொடுக்கலாம். குழந்தைக்கு இரண்டு வயது நிறையுமுன் தந்தையின் சகோதரி பாலூட்டினால், அத்தந்தை அக்குழந்தைக்குப் பால்வழி மாமனாகி மஹ்ரமாகிவிடுகிறார். ஷாஃபியீ மத்ஹபில் இதற்கு ஐந்து முறை பாலூட்டியிருக்க வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் ஒருமுறையே போதும்.

நம் வீட்டிலேயே ஒரு நூல்

முஸ்லிம் குழந்தைக்கு ஏற்ற இத்தகைய நூல் தமிழில் என் கண்ணில் படவில்லை. நம் பதிப்பகத்தாரும் எழுத்தாளரும் அதனை ஒரு கடமையாகக் கருத வேண்டும். அதுவரை ஒவ்வொரு குடும்பமும் தன் நூலைத் தானே செய்துகொள்ளலாம். குழந்தைநலப் பணியாளர்கள் 'வாழ்க்கைக் கதை நூல்' என்று இதனைக் குறிப்பிடுவர். அதில் ஐந்து செய்திகள் இருந்தால் போதும்: எல்லாக் குழந்தைகளையும் போல் நீயும் ஒரு தாயின் வயிற்றில் இருந்தாய், அவளால் உன்னை வளர்க்க இயலவில்லை, அது உன் குற்றமன்று, அல்லாஹ் உன்னை எங்களிடம் அமானிதமாகத் தந்தான், இந்த வீடு உன் வீடு. பெற்ற தாயை இழித்துரைக்கும் ஒரு சொல்லும், அறியாததை அறிந்தது போல் சொல்லும் ஒரு சொல்லும் அதில் வரலாகாது.

அந்தப் பெண்மணி ஒரு பள்ளி நோட்டில் அதைச் செய்தார். முதல் பக்கத்தில் வயிற்றின் மேல் கைவைத்திருக்கும், முகம் வரையாத ஒரு பெண். அடுத்ததில், குழந்தையை வீட்டிற்குக் கொண்டுவந்த இரவு, மாடியிலிருந்து தெரிந்த சுத்திகரிப்பு ஆலையின் தீச்சுடர். அதற்கடுத்து, பாலூட்டும் மாமி. குழந்தை முதல் முறை கேட்டபோது, "அப்ப நான் யாரை உதைச்சேன்?" என்று வினவியதாம். தாய் முதல் பக்கத்தைத் திருப்பி, "இவங்களை" என்றாராம். சற்று நேரம் படத்தைப் பார்த்திருந்துவிட்டு, "அவங்களுக்கு வலிச்சிருக்குமா?" என்று கேட்டதாம். அன்று முதல், படுக்கைக்குச் செல்லுமுன் தாயும் மகளும் கேட்கும் துஆவில், பெயர் தெரியாத அந்தத் தாய்க்கும் ஓர் இடம் உண்டு.