குடியை விட விரும்புவோர் கூடும் இடம்

தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒருவருடைய மகன் என்னிடம் பயில்கின்றான். வகுப்பு முடிந்தால் எல்லாரும் போன பின்னரே வீடு செல்பவன். சென்ற ஆண்டு ஒரு மாலை என் மேசையருகே நின்று, “ஐயா, குடியை விட்டவர்கள் சேர்ந்து கூட்டம் நடத்துவார்களாமே, அது எங்கே நடக்கிறது என்று யாரைக் கேட்பது?” என்று வினவினான்.

குடிப்பதற்கு நம் ஊரில் யாரையும் வழி கேட்க வேண்டியதில்லை. 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோதும், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் கடைகள் திறந்தே இருந்தன. இன்றும் அவற்றின் பலகைகள் தெருத்தோறும் வழிகாட்டுகின்றன. குடியை விடும் இடத்திற்கு அத்தகைய பலகை இல்லை. எனக்கும் அன்று விடை தெரியவில்லை. பின்னர்த் தேடி அறிந்தவற்றை, அந்தத் தந்தையும் மகனும் இசைந்தமையால் இங்கே கூறுகிறேன்.

இத்தகைய கூட்டம் முதன்முதலில் உண்டானதே ஒரு தேடலினால்தான். நியூயார்க்கில் பங்குத் தரகு செய்துவந்த பில் வில்சன் என்பவர், 1935 மே மாதத்தில் ஒரு வணிகக் காரியமாக ஆக்ரன் நகருக்குச் சென்றார். காரியம் தோற்றது. அவர் குடியை நிறுத்தி ஐந்து திங்களே ஆகியிருந்தன. தங்கியிருந்த விடுதியின் கூடத்தில் ஒருபுறம் மதுச்சாலையின் சிரிப்பொலி, மற்றொருபுறம் தொலைபேசி. அவர் தொலைபேசியிடம் சென்றார். அங்கிருந்த தேவாலயப் பட்டியலில் ஒரு குருவின் எண்ணைக் கண்டு அழைத்து, தம்மோடு பேச இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார்! அவர் கொடுத்த பெயர்களை ஒவ்வொன்றாக நாடிய பின், பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவரைச் சந்திக்க வழி பிறந்தது. பதினைந்து நிமிடமே இருப்பேன் என்று வந்த மருத்துவர் இரவு வெகுநேரம் வரை பேசிக்கொண்டிருந்தார். பிறகும் ஒருமுறை தவறினார். ஜூன் 10 அன்று அவர் கடைசியாகக் குடித்தார். அந்நாளையே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் சங்கத்தின் பிறந்தநாளாகக் கொள்கின்றனர். பெயர் வெளியிடாத குடிநோயாளர்கள் என்பது அதன் பொருள்.

பில் வில்சன் அறிவுரை கூறுவதற்காக அழைக்கவில்லை. தாம் குடியாமல் இருப்பதற்காக அழைத்தார். இதில்தான் இம்முறையின் உயிர் இருக்கிறது. நாமெல்லாம் குடிப்பவனுக்கு அறிவுரை கூறிக் களைத்தவர்கள் அல்லமோ? அவன் தன்னைப் போன்ற ஒருவனைக் காணும்போது நேர்வது வேறு. வள்ளுவரும் கள்ளுண்ணாமை அதிகாரத்தைக் குடிப்பவன் மற்றொரு குடிகாரனைக் காணும் காட்சியோடுதான் முடிக்கிறார்.

கூட்டங்கள் இரு வகை. குடிநோயாளர்க்கு மட்டும் உரியது ஒன்று. எவரும் சென்று கேட்கக்கூடிய திறந்த கூட்டம் மற்றொன்று. தந்தையுடனும் மகனுடனும் நான் சென்றது திறந்த கூட்டம். ஒரு சிறு அறை, வட்டமாக நாற்காலிகள், தேநீர். பதிவேடு இல்லை, கட்டணம் இல்லை. இறுதியில் ஒரு பை சுற்றி வரும். உறுப்பினர் விரும்பியதை இடுவர். வெளியார் நன்கொடையை அவர்கள் ஏற்பதில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே சேர்வதற்குரிய தகுதி. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. என்ன பேசினர் என்பதை நான் கூறுவதற்கில்லை. அங்கே கேட்டதை அங்கேயே விட்டுவர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். நம் மாணவனின் தந்தை அன்று வாய் திறக்கவில்லை. யாரும் அவரைத் தூண்டவுமில்லை.

இடம் கண்டுபிடிப்பது எவ்வாறு? 14446 என்னும் எண்ணில் மத்திய அரசின் கட்டணமில்லா உதவி கிடைக்கும். சங்கத்தினர் தம் கூட்டங்களை இணையத்திலும் அறிவிக்கின்றனர். தட்டாஞ்சாவடியார்க்குக் கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனை அண்மையிலேயே உள்ளது. அதன் மனநலப் பிரிவில் கேட்கலாம். சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார், குடிநோய்க்குத் தம் கணவரை இழந்தபின் 1980-இல் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது.

மருத்துவமனையை நான் வீணாகச் சொல்லவில்லை. பல்லாண்டு நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும், சிலர்க்கு வலிப்பும் மனக்குழப்பமும் தோன்றும். உயிர்க்கே இடர் நேரலாம். அத்தகையோர் முதலில் மருத்துவரையே காண வேண்டும். கூட்டம் மந்திரமும் அன்று. 2020-இல் 27 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த அறிஞர்கள், முறையாக இக்கூட்டங்களுக்கு ஆற்றுப்படுத்தப்பட்டோருள் நூற்றுக்கு 42 பேர் ஓராண்டுக்குப் பின் முற்றும் குடியாதிருந்தனர் என்றும், வேறு உளச் சிகிச்சைகள் பெற்றோருள் 35 பேரே அவ்வாறிருந்தனர் என்றும் மதிப்பிட்டனர். 42 என்பது நூறு ஆகாது என்பதையும் மறக்கலாகாது.

மாணவர்களாகிய உங்களுள் யாரேனும் இத்தகைய வீட்டிலிருந்து வந்திருக்கலாம். தந்தையின் குடிக்கு நீங்கள் காரணர் அல்லர். குடிநோயாளரின் குடும்பத்தார்க்கென 1951-இல் பில் வில்சனின் மனைவி லோயிஸ் தொடங்கிய ‘அல்-அனான்’ என்னும் அமைப்பு உண்டு. அதிலிருந்து 1957-இல் இளையோர்க்கான ‘அலட்டீன்’ பிறந்தது. தந்தை கூட்டத்திற்குப் போக மறுத்தாலும் மகனோ மகளோ இவற்றை நாடலாம்.

நம் மாணவனின் தந்தை மருத்துவம் பெற்று, கூட்டத்திற்கும் சென்றுவந்தார். மூன்றாம் திங்களில் தவறினார். மறுபடி அங்கே முகம் காட்ட நாணி வீட்டிலேயே இருந்தார். கூட்டத்தார் இருவர் மிதிவண்டியில் வந்து, வாசலில் நின்று, “நாங்களும் தவறியவர்கள்தாம், வாருங்கள் அண்ணே” என்று அழைத்துச் சென்றனர். இப்போதும் போய்வருகிறார். மகன் வகுப்பு முடிந்ததும் மற்றப் பிள்ளைகளோடு வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறான்.