தராசில் தேறினால் போதுமா?

இரண்டு வயது நிறைந்த பெண் குழந்தையின் உயரம் 79 செ.மீ. என்றால், உலக சுகாதார நிறுவனத்தின் 2006-ஆம் ஆண்டு அளவுகோலின்படி அவள் வளர்ச்சி குன்றியவள். 80 செ.மீ. உயரமுள்ள இன்னொருத்தி அந்தப் பட்டியலில் சேரமாட்டாள். இரண்டு வீட்டிலும் தினம் ரசம் சோறுதான் என்றாலும், கணக்கில் வருபவள் ஒருத்தி மட்டுமே.

வயதுக்கேற்ற உயரம், உயரத்துக்கேற்ற எடை, வயதுக்கேற்ற எடை. ஊட்டச்சத்துக் குறைபாட்டைப் பெரும்பாலும் இந்த மூன்றைக் கொண்டே வகைப்படுத்துகிறோம். இவை அவசியமானவை. மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே போன குழந்தைக்கு உடனே சிகிச்சை வேண்டும் என்று சொல்வதும் இத்தகைய உடல் அளவுதான். ஆனால், உணவில் உள்ள குறை உடம்பில் தெரிவதற்குள் மாதங்கள்கூடக் கடந்துவிடலாம்.

எடை மட்டுமே முழு நிலையைக் காட்டாது என்பதைத் தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) உணர்த்துகிறது. இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் எடை குறைந்தவர்கள் 32%; 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் ரத்தசோகை உள்ளவர்களோ 67%. ரத்தசோகைக்கு உணவு மட்டுமே காரணமல்ல. ஆனாலும், எடை சரியாக இருந்தும் ரத்தசோகையோடு வளரும் குழந்தைகள் ஏராளம் என்பது தெளிவு. 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதிய உணவு பெறுவோர் 11% மட்டுமே.

யுனிசெஃப் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, குழந்தை என்ன சாப்பிட்டது என்பதையே அளவுகோலாக்கியது. தாய்ப்பால், தானியம், பருப்பு, பால், இறைச்சி-மீன், முட்டை, வைட்டமின் ஏ நிறைந்த கீரை-காய்கனி, பிற காய்கனி என எட்டு வகை. ஒரு நாளில் ஐந்து வகையாவது கிடைக்க வேண்டும். இரண்டோ அதற்குக் குறைவோ என்றால் கடும் உணவு வறுமை. ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 40% பேர் இந்த நிலையில் இருப்பதாக அந்த அறிக்கை கூறியது.

தாய்ப்பால் மறந்த ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று காலையில் இட்லி, மதியம் பருப்பு சாதம், மாலையில் பாலும் பிஸ்கட்டும், இரவில் தோசை சாப்பிடுகிறது. வயிறு நிறைந்துவிட்டது, எண்ணிப் பார்த்தால் மூன்றே வகை. மசித்த கீரையும் ஒரு முட்டையும் சேர்ந்தால் ஐந்தாகிவிடும்.

அங்கன்வாடிப் பதிவேட்டில் எடை, உயரத்துக்குப் பக்கத்தில் நேற்றைய உணவுக்கும் இடம் வேண்டும். தாயைக் குறைசொல்ல அல்ல. கூலிக் குடும்பத்துக்கு எட்டாத உணவு எது என்று அரசு அறிய. முட்டைக்கும் பருப்புக்கும் நிதி ஒதுக்கும்போது அந்தக் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.