குமுளிச் சாலையில் சில சுவைகள்



கம்பத்தை விட்டுப் புறப்படும் பேருந்து, கூடலூரையும் லோயர் கேம்ப்பையும் கடந்து, வளைந்து வளைந்து மலையேறிக் குமுளியில் வந்து நிற்கும்போது, பயணியின் நாவிற்கு முன்னரே மூக்கு அவ்வூரை அறிந்துகொள்கிறது. கடைத்தெரு எங்கும் ஏலமும் மிளகும் கிராம்பும் மணக்கின்றன. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். கோடையிலும் மாலையில் குளிர்காற்று உண்டு. இப்பால் தேனி மாவட்டம், அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். மும்பையிலும் தில்லியிலும் வாழும் தங்களுக்கு வெளிமாநிலம் என்பது இரண்டு நாள் இரயில் பயணமாக இருக்கலாம். குமுளித் தமிழருக்கோ அது சாலையின் மறுபுறம்.

அந்த மறுபுறத்தில் உணவு விடுதியொன்றில் முதன்முறையாக அமரும் தமிழர் திகைப்பது, தண்ணீரைக் கண்டுதான். இளஞ்சிவப்பு நிறத்தில், வெதுவெதுப்பாக, ஆவி பறக்க ஒரு குவளை வந்து சேரும். குளிர்ந்த நீர் கேட்டுப் பழகியவர், இது என்ன கஷாயம் என்று ஐயுறுவார். பதிமுகம் என்னும் மரத்தின் கட்டைச் சீவலை இட்டுக் கொதிக்க வைத்த நீர் அது. சீரகம் இட்டுக் கொதிக்க வைப்பதும் உண்டு. மழை மிகுந்த நாட்டில் நீரைக் காய்ச்சிப் பருகும் நல்வழக்கத்திற்கு ஒரு நிறமும் மணமும் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவே.

அடுத்து இலையில் விழுவது கப்பை, அதாவது நம் மரவள்ளிக் கிழங்கு. இது மலைநாட்டின் பழம்பொருள் அன்று, தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இதனை ஊக்குவித்துப் பயிரிடச் செய்தார். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி, அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, திருவிதாங்கூர் ஏழைகளின் உயிரைக் காத்தது இக்கிழங்கே. அக்காலத்தில் உணவுப் பயிர் செய்வதற்காக இடுக்கி மலைகளில் குடியேறியோர் அதனைத் தம்முடன் கொணர்ந்தனர். கிழங்கில் இயல்பாகவே நச்சுப்பொருள் சிறிது உண்டு. ஆகையால் துண்டாக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிடுகிறார்கள். பின்னர் காந்தாரி மிளகாயை உப்புடனும் சின்ன வெங்காயத்துடனும் நசுக்கி, அதில் தொட்டு உண்கிறார்கள். அந்தச் சிறு மிளகாயின் காரத்தை ஆற்றுவதற்குச் சுடச்சுடக் கட்டன் சாயா, அதாவது பால் சேராத தேநீர். காரத்தின் மீது சூட்டை ஊற்றுவது எப்படி ஆறுதலாகும் என்று தர்க்கம் பேசுவோர், ஒருமுறை பருகிப் பார்த்தல் நலம்.

இனி, குமுளி என்றதும் பலர் குரலைத் தாழ்த்திக் கேட்கும் பொருளுக்கு வருவோம். அது காட்டிறைச்சி.

சில ஆண்டுகளுக்கு முன், வடமாநிலம் ஒன்றிலிருந்து விடுமுறைக்கு வந்த என் உறவினர் ஒருவர், இங்கு மானிறைச்சி எங்கே கிடைக்கும் என்று விடுதிப் பணியாளரைக் கேட்டுவிட்டார். அந்த இளைஞர் சிரித்துக்கொண்டே விலகிப் போனார். "நம் முன்னோர் உண்ணாததா?" என்பது உறவினரின் வாதம். முன்னோர் உண்டது உண்மை. மலைபடுகடாம் என்னும் சங்கப் பாட்டில், மலைவாழ் மக்கள் விருந்தினர்க்கு அளிக்கும் பொருள்களுள் முள்ளம்பன்றியின் இறைச்சியும், மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேன் மதுவும் இடம் பெறுகின்றன. பெரும்பாணாற்றுப்படையில் உடும்பின் பொரியல் வருகிறது. வழியில் வந்த பாணனுக்கு உள்ளதைப் பகிர்ந்தளித்த விருந்து அது. விலை பேசி மறைவில் வாங்கும் பண்டம் அன்று.

வில்லுக்கும் கண்ணிக்கும் ஈடுகொடுத்த காடு, துப்பாக்கிக்கு ஈடுகொடுக்கவில்லை. முல்லைப் பெரியாற்று அணை 1895-இல் முடிந்து நீர்த்தேக்கம் பரந்தது; மலைகளில் தோட்டங்கள் பெருகின. தோட்டத் துரைமாருக்குக் காட்டெருதும் கடமானும் விளையாட்டுப் பொருள்களாயின. அதே திருவிதாங்கூர் அரசு 1933-இல் இங்கு ஒரு வேட்டைக் காப்பாளரை நியமித்து, 1934-இல் நெல்லிக்காம்பட்டிக் காப்பகத்தை அமைத்தது. அது 1950-இல் விரிவடைந்து பெரியாறு சரணாலயமாகி, 1978-இல் புலிகள் காப்பகமாயிற்று. இதற்கிடையே கருங்குரங்கு பட்ட பாட்டைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய அந்தக் கரிய மந்தியின் ஊன் உடலுக்கு வலிமை தரும் என்று நம்பி, அதைக் கொண்டு இரசாயனம் காய்ச்சினர். அதற்காகவே அது கூட்டங்கூட்டமாகச் சுடப்பட்டது. நாவின் ஆசையைக் காட்டிலும் மருந்தின் பெயரால் நிகழ்ந்த அழிவு பெரிது.

1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இவற்றிற்கெல்லாம் முற்றுப்புள்ளி வைத்தது. சரணாலயத்திற்குள் வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டுச் சிறை. அது 7 ஆண்டு வரை நீளலாம். காட்டுப்பன்றிக்குங்கூட விலக்கில்லை. பயிரை அழிக்கும் பன்றியைச் சுட்டுக்கொல்ல ஆணையிடும் அதிகாரத்தை 2022-இல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. ஆயினும் சுட்ட பன்றியைப் புதைக்க வேண்டும், உண்ணக் கூடாது. தன் கப்பைத் தோட்டத்தை இழந்த உழவர், அதைத் தின்று கொழுத்த விலங்கை மண்ணில் இட்டு மூடும்போது என்ன நினைப்பார் என்பதை ஊகிக்கலாம்.

எனினும் என் மனத்தை உறுத்துவது வேறொன்று. குமுளியை ஒட்டிப் பளியக்குடியும் மன்னாக்குடியும் உள்ளன. பளியரும் மன்னாரும் இக்காட்டை நம்பி வாழ்ந்தவர்கள். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தேன், கிழங்கு முதலிய சிறு வனப்பொருள்களின் மீது பழங்குடியினர்க்குள்ள உரிமையை ஏற்றது. வேட்டையை மட்டும் வெளிப்படையாக விலக்கியது. துரைமார் இழந்தது ஒரு பொழுதுபோக்கு. பளியர் இழந்தது ஒரு வேளை உணவு. சட்டம் வேண்டியதே என்பதில் எனக்கு ஐயமில்லை. அதன் சுமை எல்லாத் தோள்களிலும் ஒரே அளவாக ஏறவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. அவர்களே விட்டுக்கொடுத்த சுவையை, விடுமுறைக்கு வந்த நாம் பணம் நீட்டிக் கேட்பது எவ்வகையில் தகும்? அந்தத் தட்டுக்காக முதலில் அகப்படுபவர் கண்ணி வைத்த கூலியாளே அன்றி, உண்டவர் அல்லர். அன்றியும், மான் என்று சொல்லி மாட்டிறைச்சியைத் தலையில் கட்டுவோரும் உண்டு. உறவினரிடம் நான் எடுத்துக் கூறியவற்றுள் அவர் செவியில் ஏறியது இது ஒன்றுதான்.

காடு இன்றும் மனமுவந்து தரும் பொருள்கள் சில உள்ளன. பாறையிலும் உயர்ந்த மரக்கிளையிலும் பெருந்தேனீ கட்டும் கூட்டிலிருந்து எடுக்கும் மலைத்தேன் ஒன்று. மரப்பொந்தில் வாழும் கொட்டாத சிறு தேனீயின் கொசுத்தேன் மற்றொன்று. இனிப்போடு சற்றே புளிப்பும் கலந்த அது, சிறிதளவே கிடைக்கும். தோண்டியெடுத்துச் சுட்ட வள்ளிக்கிழங்கில் தேனைத் தொட்டு உண்டால், வேறு விருந்து வேண்டுவதில்லை. இது என் சொந்த விருப்பம். கிழங்கின் நாரும் மண்வாசனையும் எல்லோருக்கும் பிடிக்கும் என்று நான் உறுதி கூறமாட்டேன்.

பானங்களுள் தங்களுக்கு நான் பரிந்துரைப்பது சுக்குக் காப்பி. தமிழ்நாட்டுச் சுக்குக் காப்பியில் பெரும்பாலும் காப்பித்தூளே இராது; கேரளத்தார் சிறிது காப்பித்தூளும் துளசியும் சேர்க்கின்றனர். குமுளியில் இரண்டும் கிடைக்கும். ஊர் திரும்புகையில் ஏலக்காய் வாங்குவோர், பச்சை நிறம் மங்காத, தோல் வெடிக்காத காயாகப் பார்த்து வாங்க வேண்டும். தோலோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் மணம் நெடுநாள் நிற்கும். பொடித்து வைத்தால் விரைவில் போய்விடும். அரபு நாட்டார் தம் காப்பியில் தாராளமாக இட்டுக் காய்ச்சுவதும் இதே ஏலத்தைத்தான்.

தில்லிக் குளிரில் இதைச் செய்வது எளிது. சுக்கு ஒரு பங்கு, கொத்தமல்லி விதை இரண்டு பங்கு, மிளகு சில, ஏலக்காய் இரண்டு. இவற்றை ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். கருப்பட்டியைத் தனியே நீரில் கரைத்து வடிகட்டுங்கள். அதில் மண் இருக்கும். அந்நீரில் பொடியை இட்டு நன்கு கொதித்த பின் இறக்குங்கள். பால் வேண்டுவோர் சற்று ஆறிய பிறகே சேர்க்க வேண்டும். கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துவிடும்.