ரேபீஸ்: மூளைக்குள் வரமுடியாத எதிர்ப்புச் சக்தி

மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் உட்சுவர்ச் செல்கள் இடைவெளியின்றி நெருக்கமாகப் பிணைந்திருப்பதால், இரத்தத்தில் வரும் நஞ்சுகளும் கிருமிகளும் மட்டுமன்றி, அவற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்களும் எதிர்ப்பொருள்களும்கூட அங்கே எளிதில் நுழைய முடிவதில்லை. இரத்த-மூளைத் தடை எனப்படும் இந்த அமைப்பு, அழிந்தால் பெரும்பாலும் மீண்டும் உருவாகாத நரம்புச் செல்களை அழற்சியிலிருந்து காக்கிறது; ஆனால் ரேபீஸ் வைரஸுக்கு இதுவே அரணாகிவிடுகிறது.

வெறிநாயின் உமிழ்நீரோடு தசைக்குள் இறங்கும் இவ்வைரஸ் இரத்தத்தின் வழியே பரவுவதில்லை. நரம்பு முனையில் புகுந்து, நரம்புச் செல் தன் பொருள்களை இடம்பெயர்க்கப் பயன்படுத்தும் புரதங்களைப் பற்றிக்கொண்டு, நரம்பிழையின் உள்ளாகவே தண்டுவடத்தையும் பின்னர் மூளையையும் அடைகிறது. வைரஸ் தாக்கியதை அண்டைச் செல்களுக்கு உணர்த்தும் இன்டர்ஃபெரான் என்னும் புரதத்தின் எச்சரிக்கையையும் வைரஸின் 'பி' புரதம் முடக்கிவிடுகிறது. நோய்க்குறிகள் தோன்றிய பின்னரும் பலரது இரத்தத்தில் எதிர்ப்பொருள் காணப்படாதிருப்பது இந்த மறைவுப் பயணத்தால்தான்.

எலிகளில் நடந்த ஆய்வுகள் இதைவிட வியப்பானதொன்றைக் காட்டின. வீரியம் குறைக்கப்பட்ட ரேபீஸ் வைரஸ் மூளையை அடைந்தபோது தடை நெகிழ்ந்து, வெள்ளையணுக்கள் உள்ளே சென்று வைரஸை அகற்றின; வீரியமிக்க வைரஸ் தாக்கியபோதோ, இரத்தத்தில் வெள்ளையணுக்கள் உருவாகியிருந்தும், தடை இறுகியே இருந்ததால் அவை வெளியிலேயே தங்கின, எலிகள் மடிந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் நரம்புச் செல்களை அழிக்கும் அழற்சியே இங்கே உயிர் காக்கிறது என்பதால், மூளைக்குள் எதிர்ப்பு மிகுவது நன்றா தீதா என்பதற்கு எல்லா வைரஸ்களுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது.

நரம்பிழை வழிப் பயணத்துக்குப் பொதுவாக வாரங்களோ மாதங்களோ ஆவதால்தான், 1885-இல் லூயி பாஸ்டர் செய்துகாட்டியதுபோல், கடிபட்ட பிறகும் தடுப்பூசி பயன் தருகிறது. 1907-இல் குன்னூரில் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனத்தில் நெடுங்காலம் ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தடுப்பூசி தயாரிக்கப்பட்டது. பலரைக் காத்த அவ்வகை ஊசி, அதில் கலந்திருந்த நரம்புப் புரதங்களால் தூண்டப்பட்ட எதிர்ப்புச் சக்தி சொந்த நரம்புகளையே தாக்கியதால், சிலருக்குப் பக்கவாதத்தையும் தந்தது. செல் வளர்ப்பு முறையில் உருவாகும் இன்றைய ஊசிகளில் அந்த இடர் இல்லை. ஆயினும் உடல் தானாக எதிர்ப்பொருள் உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேலாகலாம் என்பதால், காயத்தைச் சோப்பு நீரால் 15 நிமிடம் கழுவிய பின், ஆயத்த எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினை, கடி தோலைத் துளைத்திருந்தால், காயத்தினுள்ளும் அதைச் சுற்றியும் செலுத்தி, நரம்பு முனையை எட்டும் முன்பே வைரஸை மருத்துவர்கள் செயலிழக்கச் செய்கின்றனர்.