அட்லாண்டிக் கரை நாடுகள் – 6: ஆறு போட்ட எல்லை

வரைபடத்தில் காம்பியாவைத் தேடுகிறவர்கள் முதலில் செனகலைக் கண்டுபிடிக்க வேண்டும். அதன் வயிற்றில் மேற்கிலிருந்து கிழக்காகச் செருகிய விரல் மாதிரி ஒரு மெல்லிய பட்டை தெரியும். அதுதான் முழு நாடும். நீளம் 300 கிலோமீட்டருக்கு மேல்; அகலமோ, மிக அகன்ற இடத்தில்கூட 50 கிலோமீட்டர்தான். மூன்று பக்கமும் செனகல், நான்காவது பக்கம் கடல். ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் இதைவிடச் சிறிய நாடு கிடையாது.

நடுவே ஓடும் காம்பியா ஆறு கினியின் ஃபூட்டா ஜாலோன் மேட்டுநிலத்தில் பிறந்து, 1,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, தலைநகர் பாஞ்சுல் அருகே கடலில் கலக்கிறது. கடல் போகும் கப்பல்களே இதில் உள்நாட்டுக்குள் 200 கிலோமீட்டருக்கு மேல் போக முடியும். ஐரோப்பியர்கள் இந்த ஆற்றுக்காக அடித்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான். சுற்றியிருந்த நிலம் பிரான்ஸிடம், ஆறு பிரிட்டனிடம். 1870களில் இதை பிரான்ஸிடம் தள்ளிவிட்டு வேறு இடம் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட லண்டன் பேரம் பேசிப் பார்த்தது. எதிர்ப்புக் கிளம்பி, அது நடக்கவில்லை. கடைசியில் 1889-ல் பாரிஸில் உட்கார்ந்து, ஆற்றின் இரு கரையிலும் ஏறத்தாழ பத்துப் பத்து கிலோமீட்டர் என்று கோடு போட்டார்கள். ஆற்றில் போன போர்க்கப்பலின் பீரங்கிக் குண்டு எட்டிய தூரமே எல்லை ஆனது என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கதைதான்.

அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் இருந்தவர்கள் அதே மண்டிங்கா, ஃபுலா, வோலோஃப், ஜோலா மக்கள். அண்ணன் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்கும் தம்பி பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கும் போனார்கள். செனகலுக்கும் இதனால் பாதி உடம்பு மரத்துப்போனது. அதன் தென்பகுதியான கஸமான்ஸுக்கு நேர்வழியில் போக வேண்டுமென்றால் காம்பியாவைக் கடந்தாக வேண்டும். ஃபராஃபென்னி அருகே படகுத்துறையில் லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் கிடக்கும். அங்கே பாலம் வந்தது 2019 ஜனவரியில்தான்!

ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் குந்தா கிந்தே தீவு. முன்பு இது ஜேம்ஸ் தீவு. 2011-ல் பெயரை மாற்றினார்கள். இங்கே முதல் கோட்டையை 1651-ல் கட்டியவர்கள் ஆங்கிலேயர்களோ பிரெஞ்சுக்காரர்களோ அல்ல. இன்றைய லாட்வியாவில் இருந்த கூர்லாந்து என்ற குட்டிச் சமஸ்தானத்துக்காரர்கள். பத்தே வருடத்தில் ஆங்கிலேயர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். பிறகு கோட்டை பலமுறை கைமாறியது, இடிந்தது, மறுபடி எழுந்தது. கை மாறினாலும் தொழில் மாறவில்லை: தங்கம், தந்தம், போகப் போக மனிதர்கள்.

அலெக்ஸ் ஹேலியின் நாவலை ‘ஏழு தலைமுறைகள்’ என்று தமிழில் படித்தவர்களுக்கு, தீவுக்கு எதிரே வடகரையில் இருக்கும் ஜுஃபுரே கிராமம் புதிதல்ல. 1767-ல் அங்கிருந்து பிடித்துச் செல்லப்பட்ட குந்தா கிந்தேயே தன் முன்னோர் என்று 1976-ல் ஹேலி எழுதினார். அந்த வம்சாவளியில் ஓட்டைகள் இருப்பதை வரலாற்றாளர்கள் பின்னர் எடுத்துக் காட்டினார்கள். காட்டட்டும். ஒரு குந்தாவின் கணக்கு உதைக்கிறது என்பதால் அந்த ஆற்றில் கொண்டுபோகப்பட்ட மற்றவர்களின் கணக்கு குறைந்துவிடாது. அலை அரித்து அரித்துத் தீவு இன்று வெகுவாகச் சுருங்கிவிட்டது. எஞ்சியிருப்பவை இடிந்த சுவர்களும் பாவோபாப் மரங்களும். 2003 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

1807-ல் அடிமை வியாபாரத்தைத் தடை செய்த பிரிட்டன், 1816-ல் ஆற்றின் வாயில் பாத்தர்ஸ்ட் நகரத்தை நிறுவி, அடிமைக் கப்பல்களைத் தடுக்க பீரங்கிகளை நிறுத்தியது. ஒன்றரை நூற்றாண்டு லாபம் பார்த்த அதே ஆற்றில்தான் இந்தக் காவல். அந்த பாத்தர்ஸ்ட்தான் இன்றைய பாஞ்சுல். மனிதச் சரக்குக்குப் பிறகு வந்த சரக்கு நிலக்கடலை. இன்றும் கிராமங்களின் பிழைப்பு அதை நம்பித்தான். வீடுகளில் கடலையை அரைத்து, இறைச்சி சேர்த்துக் கெட்டியாகக் கொதிக்கவைக்கும் ‘தொமோதா’ குழம்பைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள்.

1965 பிப்ரவரி 18-ல் விடுதலை. முதல் தலைவர் தாவ்தா ஜவாரா, தொழிலால் கால்நடை மருத்துவர். 1994-ல் இளம் ராணுவ அதிகாரி யாஹ்யா ஜாமே அவரைக் கவிழ்த்தார். அடுத்த 22 வருடம் காணாமல் போனவர்களும் சிறையில் கிடந்தவர்களும் ஏராளம். எய்ட்ஸை மூலிகையால் குணப்படுத்துவேன் என்று அதிபரே கிளம்பியதும் இந்தக் காலத்தில்தான்.

அவரை வீழ்த்தியவை கோலிக்குண்டுகள்! நிஜமாகவே. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வாக்களிக்கட்டும் என்று 1960களில் வந்த முறை அது. வாக்காளர் கையில் ஒரு கோலி. மறைப்புக்குள்ளே வேட்பாளருக்கு ஒன்றாக நிறம் பூசிய இரும்பு டிரம்கள், மேலே படம். கோலியைக் குழாய் வழியாகப் போட்டால் உள்ளே மணி ‘டிங்’ என்று ஒலிக்கும். வெளியே இருக்கும் அதிகாரி காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். இரண்டாவது ‘டிங்’ கேட்டால் கள்ள ஓட்டு. வேறு சத்தம் குழப்பாமல் இருக்க அடியில் மணலோ மரத்தூளோ போட்டிருப்பார்கள். எண்ணிக்கை இன்னும் எளிது: குழிகள் கொண்ட பலகையில் கோலிகளைப் பரப்பினால் முடிந்தது. நம் ஊர் மின்னணு இயந்திரச் சண்டைகளைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இது பொறாமையைத் தரும்.

2016 டிசம்பரில் அந்தக் கோலிகள் அடாமா பாரோவுக்கு விழுந்தன. லண்டனில் ஒரு கடையில் காவலாளியாக வேலை பார்த்தவர் அவர். தோல்வியை ஒப்புக்கொண்ட ஜாமே, ஒரு வாரத்தில் பேச்சை மாற்றினார். செனகலில் உள்ள காம்பியத் தூதரகத்தில் பாரோ பதவியேற்க, அண்டை நாட்டுப் படைகள் எல்லை தாண்ட, 2017 ஜனவரி 21-ல் ஜாமே நாட்டை விட்டுப் பறந்தார். 2019-ல் இதே குட்டி நாடுதான் ரோஹிங்யாக்களுக்காக மியான்மர் மீது சர்வதேச நீதிமன்றத்தில் இனப்படுகொலை வழக்குப் போட்டது. இந்தியப் பத்திரிகைகளில் காம்பியாவின் பெயர் அதிகம் அடிபட்டது 2022-ல். அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறக்க, இந்தியாவில் தயாரான இருமல் மருந்துகள் பற்றி உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விட்டது. நாம் மறக்கக் கூடாத செய்தி.

சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் பிரிட்டனிலிருந்தும் பிற ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் குளிருக்குத் தப்பி வருகிறவர்கள். கோலோலி கடற்கரை விடுதியில் வெயில் காய்ந்துவிட்டு, பகாவுவில் கச்சிகாலி குளத்து முதலையின் முதுகைத் தொட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தக் குளம் உள்ளூர்க்காரர்களுக்குப் புனிதமானது. பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் அதன் நீரில் குளிக்க வருவார்கள். உண்மையான காம்பியா ஆற்றின் மேல்பகுதியில் இருக்கிறது. சிம்பன்சிகளை மீட்டுக் காட்டுவாழ்வுக்குத் திருப்பிய தீவுகளும், வாஸுவின் கல்வட்டங்களும் அங்கேதான். செம்பாறையில் செதுக்கிய தூண்களை வட்டமாக நட்டிருக்கிறார்கள். இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஈமச் சின்னங்கள் காம்பியா, செனகல் இரண்டிலும் பரவிக் கிடக்கின்றன. 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். பறவைப் பிரியர்களுக்கு 500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு.

போவதாக இருந்தால் நவம்பருக்கும் மே மாதத்துக்கும் இடையே போங்கள். ஜூனிலிருந்து அக்டோபர் வரை மழை; மேல்பகுதிக்குப் போவது சிரமம். கடற்கரை விடுதிக்கு ஒரு நாள் போதும், மற்ற நாள்களை ஆற்றுக்குக் கொடுங்கள்.

அடுத்த வாரம்: கினி-பிசாவ்.

(தொடரும்)