மாரி கழியுமளவும்



கடல் என்பது எந்நாளும் திறந்து கிடக்கும் வெளி என்றே உள்நாட்டில் வாழ்வோர் பலர் எண்ணுகின்றனர். வயலுக்குப் போகம் உண்டு. தோட்டத்துக்குப் பருவம் உண்டு. கடலுக்கு மட்டும் கதவும் இல்லை, பூட்டும் இல்லை என்பது அவர்கள் நினைவு. திருகோணமலை நகருக்கு வடக்கே, உப்புவெளியையும் சாம்பல்தீவையும் அடுத்துள்ள சல்லி என்னும் கரையோரக் கிராமத்தில் இதைச் சொன்னால் சிறு பிள்ளையும் சிரிக்கும். முத்துமாரியம்மன் கோவிலால் வெளியூரார் பலர் அறிந்த ஊர் அது. அங்கே கடல் ஆண்டுதோறும் ஏறக்குறைய நான்கு மாதம் அடைபட்டு விடுகின்றது. அந்த அடைப்புக்கு முந்திய சில வாரங்களைப் பற்றியும், அது திறக்குமளவும் மக்கள் காத்திருக்கும் காத்திருப்பைப் பற்றியும் இன்று சில செய்திகளைக் கூற விரும்புகின்றேன்.

கடல் அடைபடுவது ஏன்? அலை எழுவதற்குக் காற்று மட்டும் போதாது. அக்காற்று ஓடி வருவதற்கு நீண்ட நீர்ப்பரப்பும் வேண்டும். மே மாதம் முதல் செத்தெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று எங்கள் பக்கத்துக்குத் தரை கடந்து வருகின்றது. கச்சான் என்று நாங்கள் அழைக்கும் இக்காற்று உடலை வாட்டும். கிணற்றை வற்றச் செய்யும். ஆயினும் கரையை அடுத்த கடலை அது கலக்குவதில்லை. தரையிலிருந்து புறப்படும் காற்றுக்குக் கரையருகே ஓடிவர வெளி இல்லையன்றோ? டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வீசும் வடகீழ்ப் பருவக்காற்றோ வங்காள விரிகுடாவின் நீளம் முழுவதையும் தன் ஓடுபாதையாகக் கொண்டு வந்து, நேரே எங்கள் கரையில் மோதுகின்றது. மணல் அரிக்கப்படுகின்றது, வள்ளத்தை அலைக்கு அப்பால் தள்ளுவதே இயலாததாகின்றது.

மேற்குக் கரையில் இது தலைகீழ். அங்கே கச்சான் காலமே அடைப்புக் காலம். ஆகவேதான் நீர்கொழும்பு, சிலாபம் முதலிய இடங்களிலிருந்து கடற்றொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் கிழக்குக் கரைக்கு வந்து, வாடி அமைத்துத் தங்கி, ஒக்டோபரில் ஊர் திரும்பி வந்திருக்கின்றனர். வாடிகளின் கூரை ஓலையைப் பிரிக்கத் தொடங்கிவிட்டால் பருவம் முடிகின்றது என்பதற்கு வேறு அறிவித்தல் வேண்டியதில்லை.

சரித்திரம் படித்தவர்களுக்கு இதில் இன்னொரு சுவை உண்டு. இதே வடகீழ்க் காற்றுத்தான் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பெருமை தேடித் தந்தது. சோழமண்டலக் கரை நெடுகிலும் மாரிப் புயலுக்குப் பெரிய கப்பல்கள் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் இல்லை. 1659ஆம் ஆண்டு புயலில் பாய்மரம் இழந்த ஆன் என்னும் ஆங்கிலக் கப்பல், அதைச் செப்பனிடக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அதில் வந்த ரொபேட் நொக்சு கண்டி அரசனின் கைதியாகிப் பத்தொன்பது ஆண்டுகள் இந்நாட்டில் கழித்தார். 1782ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரேன் இத்துறைமுகத்தைக் கைப்பற்றியதும் கப்பற்படைக்கு ஒதுக்கிடம் வேண்டும் என்ற கணக்கினாலேயே. பேரரசுகள் புகலிடம் தேடிய அந்த உள்துறைமுகம் அமைதியாகக் கிடக்க, அதற்குச் சில கல் தொலைவில் வெளிக்கடலை நோக்கிய சல்லிக்கரை மாரி முழுவதும் நுரை தள்ளிக்கொண்டிருக்கும்.

கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பல நாள் தங்கி மீன்பிடிக்கும் பெரும் படகுகள் மாரியிலும் ஆழ்கடலுக்குச் செல்கின்றன. நான் பேசுவது அவற்றைப் பற்றியன்று. கரைவலையையும், சிறு வள்ளத்தையும், வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகையும் நம்பி வாழ்வோரைப் பற்றியே பேசுகின்றேன்.

பருவத்தின் கடைசி வாரங்கள் தனித்தன்மை உடையவை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் கச்சான் ஓய்ந்துவிட்டது. வாடை இன்னும் நிலைபெறவில்லை. காலையில் கடல் எண்ணெய் வார்த்தாற்போல் கிடக்கும். பிற்பகலில் இடி முழக்கத்துடன் மேகம் திரண்டு, அரை மணி நேரத்தில் காற்று நான்கு திசையும் சுழலும். விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகும் காலமும் இதுவே. 1964ஆம் ஆண்டு டிசம்பரில் திருகோணமலைப் பகுதியைத் தாக்கித் தனுஷ்கோடியை அழித்த புயலையும், 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியையும் முதியோர் இன்றும் ஆண்டுக் கணக்குக்குப் பயன்படுத்துகின்றனர். 2020ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் இரவு புரெவிப் புயல் கரையேறியது எங்களுக்கு வடக்கே, குச்சவெளிப் பக்கத்தில்.

இவ்வளவும் அறிந்தும் ஏன் போகின்றனர்? முன்னால் நிற்கும் நான்கு மாதமே காரணம். ஒரு நல்ல பாரைப் பாடோ, சூரைக் கூட்டமோ அகப்பட்டால் கடையிலுள்ள கடன் தீரும். அரிசி மூட்டை வீட்டுக்கு வரும். பருவத்தின் நடுவில் ஒரு நாளை இழப்பது பெரிதன்று. கடைசியில் இழக்கும் நாளுக்கோ ஈடு இல்லை. எனவேதான் ஆடி மாதத்தில் ஐயத்துக்கிடமான வானத்தைக் கண்டு வலையை மடித்து வைக்கும் அதே மனிதர், ஐப்பசியில் அதைவிடக் கறுத்த வானத்தின் கீழ் வள்ளத்தைத் தள்ளுகின்றார். இதைப் பேராசை என்று கரையில் நிற்பவர்கள் சொல்லிவிடலாம். எனக்கு அச்சொல் பிடிப்பதில்லை.

இவ்விடத்தில் உலகின் மறுகோடியிலுள்ள ஒரு தொழிலைச் சற்று நோக்குவோம். எங்கள் பகுதியிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. ரொறன்ரோ நகருக்கு வடக்கே சிம்கோ என்றொரு ஏரி உண்டு. கடும் பனிக்காலத்தில் அதன் மேற்பரப்பு உறைந்து, மனிதர் நடக்கவும் வண்டி ஓட்டவும் ஏற்ற தளமாகி விடுகின்றது. அதன்மேல் சிறு குடில் அமைத்து, துரப்பணத்தால் துளையிட்டு, அத்துளை வழியே தூண்டில் இறக்கி மீன் பிடிக்கின்றனர். ஏரி உறைந்தும் மீன் சாவதில்லையா என்று மாணவர் கேட்பதுண்டு. நீர் 4 பாகை செல்சியசில் மிகுந்த அடர்த்தி உடையது. அதனினும் குளிர்ந்த நீர் இலேசாகி மேலே நின்று உறைகின்றது. பனிக்கட்டி நீரில் மிதப்பது. அது போர்வைபோல் மேலே கிடக்க, கீழே நீர் நீராகவே இருக்கின்றது. இந்த ஒரு விதி வேறாக இருந்திருப்பின் வடநாட்டு ஏரிகளில் மீனினமே எஞ்சியிராது.

அங்கும் இடர் மிகுந்தது பருவத்தின் கடைசியே. புதிய தெளிந்த பனிக்கட்டி நான்கு அங்குலம் இருந்தாலே ஓர் ஆளைத் தாங்கும் என்பர். இளவேனிற் பனிக்கட்டியோ ஓரடி இருந்தும் நம்பத் தக்கதன்று. வெயில் ஏற ஏற அது உள்ளே இற்று, நெட்டுக்குத்தான மெழுகுதிரிகளை அடுக்கிக் கட்டியது போன்ற நிலையை அடைகின்றது. கால் வைத்ததும் திரிகள் பிரிகின்றன. கரையோரம் முதலில் உருகுவதால், காலையில் நடந்து சென்றவன் மாலையில் நீர்ப்பிளவைக் காண நேரும். 2009ஆம் ஆண்டு பெப்ரவரியில், அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தை ஒட்டிய ஈரி ஏரியில், பனிப்பாளம் கரையை விட்டுப் பிரிந்து நூற்றுக்கு மேற்பட்ட மீன்பிடிப்போரைச் சுமந்து மிதந்து சென்றது. மற்றவர்கள் மீட்கப்பட்டனர், ஒருவர் உயிரிழந்தார். இத்தகைய இடரை எண்ணியே ஒன்ராறியோ மாகாணத்தில் குடில்களை அகற்றுவதற்கு அரசு நாள் குறித்து விடுகின்றது.

அதன் பின்னர் வருவது இரண்டுங்கெட்டான் காலம். நடப்பதற்குப் பனி இல்லை. படகு விடுவதற்குப் பனி போகவுமில்லை. கரையில் நின்று பார்த்திருப்பதே வேலை. அலாஸ்காவிலுள்ள நெனானா என்னும் ஊரார் இந்தக் காத்திருப்பையே ஒரு பந்தயமாக்கி, 1917ஆம் ஆண்டு முதல் நடத்தி வருகின்றனர். உறைந்த ஆற்றின்மேல் ஒரு மரச்சட்டத்தை நாட்டிக் கரையிலுள்ள கடிகாரத்துடன் கம்பியால் இணைத்து விடுகின்றனர். பனி உடைந்து சட்டம் நகரும்போது கடிகாரம் நிற்கும். அந்த நாளையும் மணியையும் நிமிடத்தையும் சரியாகச் சொன்னவருக்குப் பரிசு. வயிற்றுக் கவலை இல்லாதவர்களுக்குக் காத்திருப்பு இனிய விளையாட்டுத்தான்.

எங்கள் காத்திருப்பில் அத்தகைய இன்பம் குறைவு. கரைவலைத் தொழிலில் வலைக்கும் வள்ளத்துக்கும் உரியவர் சம்மாட்டி. கிடைக்கும் மீனின் விலையில் செலவை நீக்கி, வலைக்குரிய பங்கை அவர் எடுக்க, எஞ்சியதைக் கயிறிழுத்தோர் பிரித்துக்கொள்வர். வலை இழுக்காத மாரியில் பங்கு ஏது? அப்போது சம்மாட்டி முற்பணம் தருகின்றார். பசித்த வேளையில் கிடைக்கும் உதவி அது, மறுக்கலாகாது. ஆனால் அதைப் பெற்றவர் அடுத்த பருவம் அந்த வலையையே இழுக்க வேண்டியவராகின்றார். வேறிடத்தில் நல்ல பங்கு கிடைத்தாலும் போக இயலாது. அம்பாப் பாட்டுக்கு இசைய இழுக்கும் கயிறு கண்ணுக்குத் தெரிகின்றது. இந்தக் கயிறு தெரிவதில்லை.

மாரியில் கை கொடுப்பது களப்பு. கோடையில் மணல் திரண்டு கிழக்குக் கரைக் களப்புகள் பலவற்றின் முகத்துவாரம் ஒடுங்குவதும் மூடுவதும் இயல்பு. மழைவெள்ளம் நிறைந்ததும் அது தானே உடைத்துக்கொள்ளும். சில இடங்களில் ஊர் கூடி வெட்டி விடுவர். உவர்நீரும் நன்னீரும் கலக்க, இறாலும் நண்டும் ஓடத் தொடங்கும். வீச்சுவலை ஒன்றை உடையவர் வீட்டில் அடுப்பு எரியும். சிலர் உள்துறைமுகத்தின் அமைதியான நீருக்குச் செல்வர். சிலர் அறுவடைக்கு வயற்பக்கம் போவர். போர் நடந்த ஆண்டுகளில் கடலுக்குச் செல்லும் நேரத்துக்கும் தூரத்துக்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. அக்காலத்தில் கோடையிலும் மாரியை அனுபவித்தோம்.

மாரியில் படகுகள் மணல்மேல் ஏறியிருக்கும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது அத்தகைய காலத்திலே. ஆழ்நீரில் நிற்கும் படகின் கீழே அவ்வலை பெரிதும் உணரப்படாமலே கடந்துவிடும். கரையில் ஏற்றி வைத்த படகுக்குத் தப்ப வழியில்லை.

பாடசாலையில் பணியாற்றுபவன் என்ற முறையில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். நம் நாட்டில் கல்வியாண்டு சனவரியில் தொடங்குவது நெடுநாள் வழக்கம். அரசு பாடநூல்களை இலவசமாகத் தருகின்றது. சீருடைத் துணியும் தருகின்றது. ஆயினும் அப்பியாசக் கொப்பி, சப்பாத்து, பை, தையற்கூலி ஆகிய யாவும் கடற்கரைக் குடும்பத்தின் கை முற்றிலும் வெறுமையாகியிருக்கும் மாதத்தில் வந்து நிற்கின்றன. சனவரி முதல் வாரத்தில் வராத பிள்ளையைச் சோம்பேறி என்று குறித்துக்கொள்ளும் ஆசிரியர், அவன் வீட்டு வாசலில் கவிழ்ந்து கிடக்கும் வள்ளத்தை ஒருமுறை பார்த்து வருவது நலம். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வைகாசி, ஆனி மாதப் பிடியில் ஒரு சிறு பகுதியைக் கழித்து வைத்து, மார்கழியில் உறுப்பினருக்கே திருப்பித் தருமாயின், முற்பணத்தின் பிடியும் தளரும். ஐப்பசி வானத்தின் கீழ் வள்ளம் தள்ளும் நெருக்கடியும் குறையும். நிவாரணம் என்று புயலுக்குப் பின்னர் கொடுப்பதிலும் இது சிக்கனமானது என்பது என் கருத்து.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்னும் பழமொழி உழவருக்கு உரியது. கடலோடிக்கு மாசி கழிய வேண்டும். வானொலியில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தலை எல்லோரும் கேட்கின்றனர். எனினும் கரையில் சில அடையாளங்களையும் பார்க்கின்றனர். வாடையின் வேகம் தணிந்து காற்றுக் கிழக்கே திரும்புகின்றது. கலங்கிய நீர் தெளிகின்றது. பேரலைகள் இழுத்துச் சென்ற மணலைச் சிற்றலைகள் சிறிது சிறிதாகக் கொணர்ந்து சேர்க்க, செங்குத்தாய் வெட்டுண்ட கரை மீண்டும் சரிவாகின்றது. அச்சரிவு அமைந்தால்தான் மடியைக் கரைக்கு இழுக்க முடியும். இதற்கிடையில் வலை பொத்தி முடிகின்றது. கயிறுகள் வெயில் காய்கின்றன.

ஒரு நாள் விடியற்காலையில் வள்ளம் இறங்குகின்றது. முதல் வலையில் மீன் அருமை. வெள்ளம் அடித்து வந்த மரக்கிளை, வேர்க்கட்டை, பொலித்தீன் பைகள், நடுவே ஒரு கூடைக்குள் அடங்கும் சூடையும் நெத்தலியும் மட்டுமே ஏறும். வலையும் இரண்டோர் இடத்தில் கிழியும். அப்படியிருந்தும் ஊர் முழுவதும் கரையில் நிற்கும். பாடு துப்புரவாகும்வரை இரண்டு மூன்று நாள் இவ்வாறே இழுப்பர். அந்நாட்களில் மேல்வகுப்பு மாணவர் சிலர் ஈரக் காற்சட்டையுடன் ஓடி வருவார்கள். வரவுப் பதிவேட்டைச் சற்றுத் தாமதித்தே மூடுவது என் வழக்கம்.